தீவுக்குக் குடிபோக நினைக்கும் நண்பருக்கு



உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. பணி ஓய்வு பெற்றதும் ஆள் அரவம் இல்லாத ஒரு வடதுருவத் தீவில் சின்னதாக ஒரு வீடு பார்த்து ஒதுங்கிவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏதோ ஒரு காணொளியில் பார்த்த கிரீம்சே தீவு உங்கள் மனதில் உட்கார்ந்துகொண்டு எழ மறுக்கிறது என்பது புரிகிறது. "குளிர் தாங்குமா, இருட்டு தாங்குமா?" என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மகன் கேட்டதாக மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. ஒரு கோடைகாலத்தில் நான் அந்தத் தீவுக்குப் போய்வந்தவன் என்பதால் பதில் சொல்லக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. மகனின் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

குளிர் ஒரு பெரிய விஷயமே இல்லை. ஐஸ்லாந்தின் வடகரையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, வடதுருவ வட்டத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும் தீவு என்றதும் நாம் பனிக்கட்டி வீட்டைக் கற்பனை செய்கிறோம். ஆனால் வெப்பக் கடலிலிருந்து கிளம்பி வரும் நீரோட்டத்தின் மிச்சச் சூடு அங்கேயும் எட்டுகிறது. ஜனவரியில் சராசரி வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். லடாக்கின் குளிர்காலம் இதைவிடப் பல மடங்கு கொடியது. கிரீம்சேயில் ஆளைப் பதம் பார்ப்பது காற்று. மொத்தப் பரப்பே ஐந்து சதுர கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். ஒரு மரம் கிடையாது. காற்றை மறிக்க எதுவும் இல்லை. கார்க் கதவைத் திறக்கும்போது கையை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அங்கே கிடைக்கும் முதல் பாடம்.

இருட்டும் அப்படித்தான். டிசம்பர் கடைசியில் சூரியன் ஓரிரு மணி நேரம் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். எனக்குத் தாங்க முடியாமல் போனது ஜூன் மாத வெளிச்சம். இரவு ஒரு மணிக்குப் பிள்ளைகள் தெருவில் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள்; உடம்புக்கு எப்போது படுக்க வேண்டும் என்றே தெரியாது.

நீங்கள் தேடிப் போகும் அமைதியும் அங்கே கிடைக்காது. கோடையில் அந்தத் தீவு மனிதர்களுடையது அல்ல, பறவைகளுடையது. கிழக்குப் பக்கம் கடலிலிருந்து நூறு மீட்டர் அளவுக்குச் செங்குத்தாக எழும் பாறைச் சுவர்களில் அடுக்கடுக்காகக் கடற்பறவைகள். விளிம்பில் இருக்கும் புல்மண்ணில் வளை தோண்டிக்கொண்டு பஃபின்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஆர்க்டிக் ஆலா. ஆண்டுதோறும் அண்டார்டிகாவரை போய்த் திரும்பும் அந்தக் குட்டிப் பறவை, இத்தனை தூரம் பறந்து வந்தது தன் முட்டையை நீங்கள் மிதிப்பதற்காக இல்லை என்பதில் உறுதியாக இருக்கிறது. பாதையில் நடந்தால் தலைக்கு மேல் வந்து நின்று, கத்தி, நேராக உச்சந்தலையில் கொத்தும். உடம்பில் உயரமாக இருக்கும் இடத்தைத்தான் அது தாக்கும் என்பதால் உள்ளூர்க்காரர்கள் ஒரு குச்சியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். முதலில் பார்த்தபோது ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் நானும் ஒரு குச்சி தேடிக்கொண்டேன். விமானம் இறங்குவதற்கு முன் ஓடுபாதையில் வண்டியை ஓட்டி இந்தப் பறவைகளைக் கிளப்பிவிடுகிறார்கள். ஆகஸ்ட் நடுவில் பஃபின்கள் கடலுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு கிடைக்கும் அமைதி யாருக்கும் பிடிப்பதில்லை.

அதோடு, ஆள் அரவம் இல்லாத இடம் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் உங்கள் கணக்கு தப்புகிறது. பெரிய நகரத்தின் அடுக்குமாடியில் நீங்கள் யாருக்கும் தெரியாமல் பத்து ஆண்டு வாழலாம். பதிவேட்டில் அறுபது பேர் அளவில் மட்டுமே இருக்கும் ஒரு தீவில் அது நடக்காது. உங்கள் வீட்டு விளக்கு எத்தனை மணிக்கு அணைந்தது, நீங்கள் கடையில் எத்தனை ரொட்டி வாங்கினீர்கள், படகில் வந்த பார்சல் எந்த ஊரிலிருந்து வந்தது, எல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் ஆக வேண்டும். மருத்துவர் சில வாரங்களுக்கு ஒருமுறை விமானத்தில் வந்துபோகிறவர். இடையில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் ஓடி வர வேண்டியது பக்கத்து வீட்டுக்காரர்தான். பாதிரியாரும் வெளியூர்க்காரர், ஆண்டில் சில முறைதான் வருவார். கோயில் வேலை, விருந்து, நிதி திரட்டல் எல்லாவற்றையும் மகளிர் சங்கம் பார்த்துக்கொள்கிறது. ஒரே மனிதர் காலையில் மீன்பிடிப்பார், மதியம் துறைமுகத்தில் கயிறு பிடிப்பார், மாலையில் விமான நிலையத்தில் நிற்பார். அங்கே ஒதுங்கி வாழ்வது என்பது ஒரு வேலையை இன்னொருவர் தலையில் கட்டுவது.

ஆக, அந்தத் தீவில் ஆட்களுக்குத்தான் பஞ்சம். ஏன் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன். காணொளிகளில் அது வராது.

ஸ்னோரி ஸ்டர்லூசன் 13-ஆம் நூற்றாண்டில் தொகுத்த நார்வே அரசர்களின் வரலாற்றில் கிரீம்சே வருகிறது. 1024 வாக்கில் நார்வே அரசன் ஒலாஃப், நட்புக்கு அடையாளமாக இந்தத் தீவைத் தனக்குத் தரும்படி ஐஸ்லாந்துக்காரர்களிடம் ஆள் அனுப்பிக் கேட்கிறான். பலரும் தலையாட்டிவிடுகிறார்கள். எய்னார் என்பவர் மட்டும் எழுந்து, வெளியூர்ப் படை ஒன்று அங்கே வந்து தங்கினால் அதற்குச் சோறு போடும் அளவுக்கு வளமான தீவு அது, கொடுத்துவிட்டால் நம் வாசலில் எதிரியின் கப்பல் நிற்கும் என்கிறார். அரசனுக்குத் தீவு கிடைக்கவில்லை. ஒரு படைக்கே சோறு போடும் என்று பேர் வாங்கிய இடம் இன்று ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் தேற்ற முடியாமல் அதை மூடிவிட்டது. மீன் தீர்ந்துபோனதா? இல்லை. கடல் அப்படியேதான் இருக்கிறது. காட் மீன் தீவைச் சுற்றித்தான் மேய்கிறது.

மாறியது காகிதம். 1970-களில் இங்கிலாந்தோடு மல்லுக்கட்டி, 200 கடல் மைல் எல்லையை ஐஸ்லாந்து தனதாக்கிக்கொண்டது. அந்நியப் படகுகள் போனதும் சொந்தப் படகுகள் பெருகி, காட் மீன் இருப்பு சரியத் தொடங்கியது. எனவே 1984-ல் படகுவாரியாக ஒதுக்கீடு கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் எவ்வளவு பிடித்தாயோ அதற்கு ஏற்ப இனி உனக்கு இத்தனை பங்கு. ஆண்டுதோறும் மொத்தம் எவ்வளவு பிடிக்கலாம் என்று அறிவியலாளர்கள் சொல்வார்கள், அதில் உன் பங்கு விழுக்காடு மாறாது. 1990-ல் வந்த சட்டம் இந்தப் பங்கைத் தாராளமாக விற்கலாம், வாங்கலாம் என்று ஆக்கியது. அதே சட்டத்தின் முதல் பிரிவு, ஐஸ்லாந்துக் கடலின் மீன்வளம் நாட்டு மக்களின் பொதுச்சொத்து என்கிறது. முதல் பிரிவைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறவருக்குச் சிரிப்பு வராமல் இருக்காது.

இதில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஏற்பாடு மீனைக் காப்பாற்றியது. இப்போது நான்கு வயதும் அதற்கு மேலும் ஆன காட் மீன் இருப்பில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் பிடிப்பது என்று விதி வைத்திருக்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1992-ல் காட் மீன் அடியோடு சரிந்து பல்லாயிரம் பேர் வேலை இழந்ததை நினைத்தால், ஐஸ்லாந்தைக் குறை சொல்லத் தயக்கமாகவே இருக்கிறது. மீனைக் காப்பாற்றிய கணக்கில் ஊர் ஒரு பத்தியாகவே இல்லை என்பதுதான் என் குறை.

ஒரு மீனவர் இருக்கிறார். முதுகு வலிக்கிறது. மகன் படித்துவிட்டுத் தலைநகர் ரெய்க்யவிக்கில் இருக்கிறான், திரும்ப மாட்டான். படகோடு பங்கையும் விற்றால் ஆயுளுக்கும் போதுமான பணம். அவர் விற்கிறார். அதில் தவறு என்ன இருக்கிறது? ஆனால் அவர் விற்றது அவருடைய படகை மட்டும் அல்ல. அந்தப் பங்கை வாங்கிய நிறுவனம் அதே மீனை வேறொரு துறைமுகத்தில் இறக்கும். மீனை அறுக்கும் கொட்டகையில் இருந்த வேலை போகிறது, அந்த வேலையை நம்பி இருந்த இரண்டு வீடுகள் போகின்றன, அந்த வீட்டுப் பிள்ளைகள் போனதும் பள்ளிக்கூடம் போகிறது. பள்ளிக்கூடம் இல்லாத ஊருக்கு எந்த இளம் தம்பதி வருவார்கள்? சீட்டுக்கட்டு வீட்டில் ஒரு சீட்டை உருவியது மாதிரிதான்.

மிச்சம் இருந்தவர்களுக்கு இன்னொரு வகையில் கை சுட்டது. பங்கைச் சுமந்த படகை அடமானம் வைத்துக் கடன் வாங்கி, மேலும் பங்கு வாங்குவது வழக்கமாக இருந்தது. பல கடன்கள் அந்நியச் செலாவணியில். 2008-ல் ஐஸ்லாந்தின் வங்கிகள் ஒரே வாரத்தில் கவிழ்ந்து, நாட்டு நாணயமான குரோனாவின் மதிப்பு விழுந்ததும், கடன் உட்கார்ந்த இடத்திலேயே இரட்டித்தது. 2009-ல் கிரீம்சே தனி ஊராட்சியாக நிற்க முடியாமல், வடகரையில் உள்ள அகுரேரி நகராட்சியோடு இணைந்தது. அந்த ஆண்டுகளில் தீவில் தொண்ணூறு பேர் அளவில் இருந்தார்கள். 2015-ல் 'நலிந்த ஊர்கள்' என்று அரசு வைத்திருக்கும் பட்டியலில் சேர்த்து, தீவுக்கென்று தனியாகக் கொஞ்சம் மீன் ஒதுக்கினார்கள். அதற்குப் பிறகும் எண்ணிக்கை குறைந்துகொண்டுதான் வருகிறது. குளிர்காலத்தில் உண்மையில் தங்கி இருப்பவர்கள் பதிவேட்டுக் கணக்கில் பாதிகூட இல்லை.

பங்கு இல்லாத சாதாரண மனிதன் கடலுக்குப் போகவே வழியில்லையா என்று கேட்பீர்கள். இதே கேள்வியை இரண்டு ஐஸ்லாந்து மீனவர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவரை கொண்டுபோனார்கள். 2007-ல் குழு, இந்த ஏற்பாடு பாகுபாடானது என்று அவர்கள் பக்கம் பேசியது. அதன் பிறகு, 2009-ல், கரையோர மீன்பிடிப்பு என்று ஒரு சின்னக் கதவைத் திறந்துவிட்டார்கள். மே முதல் ஆகஸ்ட் வரை, வாரத்தில் திங்கள் முதல் வியாழன் வரை மட்டும், பங்கு இல்லாதவரும் படகு எடுக்கலாம். ஒரு பயணம் 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நான்கு தூண்டில் சுருளுக்கு மேல் கூடாது. ஒரு நாளைக்குச் சுமார் 650 கிலோ காட் மீனுக்கு ஈடான அளவோடு சரி.

இந்தத் தூண்டிலைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். படகின் விளிம்பில் ஒரு மின்சாரச் சுருள்; அகுரேரியில் தயாராவது. கயிற்றின் நுனியில் ஈயக் குண்டு, அதற்கு மேலே வரிசையாகக் கொக்கிகள், கொக்கிக்கு இரையாக வண்ண ரப்பர்க் குழாய். குண்டு தரையைத் தொட்டதைச் சுருளே கண்டுகொண்டு, கொஞ்சம் தூக்கி, மனிதன் கை ஆட்டுவது போல மேலும் கீழும் ஆட்டுகிறது. மீன் சிக்கி எடை கூடியதும் தானே சுற்றத் தொடங்குகிறது. மீனவர் செய்வதெல்லாம் மீனைக் கொக்கியிலிருந்து விடுவித்து, கழுத்தில் ஒரு வெட்டுப் போட்டு, ரத்தம் வடியத் தண்ணீரில் போடுவது. ரத்தம் வடியாத மீனின் சதை சிவந்துபோகும், விலை விழும். கரைக்கு வந்ததும் ஐஸ் போட்ட பிளாஸ்டிக் தொட்டிகளில் அடுக்கி, தராசில் ஏற்றுகிறார்கள். அந்தத் தராசுக்கு இருக்கும் மரியாதையை வேறு எதற்கும் நான் அங்கே பார்க்கவில்லை. அளவுக்கு மேல் பிடித்துவிட்டால் கூடுதல் மீனுக்கான பணம் அரசுக்குப் போய்விடும். ஆகவே கடைசி மணி நேரத்தில் மீனவர்கள் மீன் அதிகமாக விழுந்துவிடுமோ என்று பயப்படும் விசித்திரத்தையும் பார்க்கலாம். நாடு முழுவதுக்கும் சேர்த்து வைத்த மொத்த அளவு, அண்மை ஆண்டுகளில் ஜூலை நடுவிலேயே தீர்ந்து, கதவைச் சாத்திவிடுகிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் பெரிய மீன் வருவதே அதற்குப் பிறகுதான் என்று அங்குள்ளவர்கள் புலம்புகிறார்கள். அந்தப் புலம்பலில் உண்மை இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் ஏன் சிலர் அந்தத் தீவை விடாமல் இருக்கிறார்கள் என்பதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது. ஒன்றிரண்டு செய்திகள் சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

1879-ல் வில்லார்ட் ஃபிஸ்க் என்ற அமெரிக்கர் கப்பலில் ஐஸ்லாந்துக்குப் போகும் வழியில் கிரீம்சேயைக் கடந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர்; சதுரங்கப் பித்தர். இந்தத் தனித்தீவில் சதுரங்கம் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனம் பறிகொடுத்துவிட்டார். அப்போது தீவில் இருந்த பதினோரு குடும்பங்களுக்கும் ஆளுக்கொரு பளிங்குச் சதுரங்கப் பெட்டி அனுப்பினார். புத்தகங்களும் பணமும் அனுப்பினார். 1904-ல் இறந்தபோது உயிலில் 12,000 டாலர் எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் அந்தத் தீவில் ஒருமுறைகூடக் காலடி வைத்ததில்லை. அவருடைய பிறந்தநாளான நவம்பர் 11-ஐ இன்றும் ஊர் கூடி விருந்து வைத்துக் கொண்டாடுகிறது. நம் ஊரிலிருந்து பாரசீகம், அரேபியா வழியாக ஐரோப்பா போன ஆட்டம் அங்கே ஓர் ஊரையே ஒரு அந்நியரின் மனதில் பதியவைத்திருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். இப்போது ஆட்டக்காரர்கள் குறைவு. நான் பார்த்த பலகையில் தூசு இருந்தது.

கோயில் விஷயம் வேறு மாதிரி. 1867-ல் கடலில் மிதந்து வந்த மரங்களைக் கொண்டு கட்டிய சின்னத் தேவாலயம் 2021 செப்டம்பரில் ஓர் இரவில் முழுக்க எரிந்துபோனது. பலத்த காற்று, அணைக்க முடியவில்லை. கணக்குப் பார்க்கிற எவரும் இந்த மக்கள்தொகைக்கு இன்னொரு கோயில் எதற்கு என்றுதான் கேட்பார்கள். அவர்கள் உடனே நிதி திரட்டத் தொடங்கி, புதுக் கோயில் எழுப்பிவிட்டார்கள். உலர்ந்த சிந்தனைக்கு அது வீண் செலவு. எனக்கு அந்தத் தீவில் பிடித்த ஒரே பொருளாதார முடிவு அதுதான்.

சுற்றுலாக்காரர்கள் பார்க்கப் போவது இன்னொன்றை. வடதுருவ வட்டத்தைக் குறிக்க 2017-ல் மூன்று மீட்டர் விட்டத்தில் ஒரு கான்கிரீட் உருண்டையைத் தீவின் வடக்கு முனைப் பக்கம் வைத்திருக்கிறார்கள். பூமியின் சாய்வு மெல்ல மாறுவதால் அந்த வட்டம் ஆண்டுக்கு 14 மீட்டருக்குச் சற்று மேல் வடக்கே நகர்கிறது. எனவே பல டன் எடையுள்ள உருண்டையையும் அவ்வப்போது நகர்த்த வேண்டும். இந்த நூற்றாண்டின் நடுவில் வட்டம் தீவை விட்டுக் கடலுக்குப் போய்விடும். உருண்டையோடு படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திரும்பும் கூட்டம், ஊருக்கு ஒரு கப் காபி விலையைத் தவிரப் பெரிதாக எதையும் விட்டுப்போவதில்லை.

இனி உங்கள் வீட்டுக் கனவு. ஐஸ்லாந்தில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து வரும் ஒருவர் வீடு நிலம் வாங்க நீதி அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. கோடையில் மட்டும் விளக்கு எரியும் வீடு அந்தத் தீவுக்குப் போதும் போதும் என்கிற அளவில் இருக்கிறது. குளிர்காலத்தில் குழாய் உறைகிறதா என்று பார்க்க இருக்கிற சிலரில் ஒருவர்தான் உங்கள் வீட்டுக்கும் போக வேண்டியிருக்கும். உங்களுக்கு டீசல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரியும் என்று எழுதியிருந்தால் வேறு பதில் எழுதியிருப்பேன். அங்கே மின்சாரமே பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில்தான் ஓடுகிறது. ஐஸ்லாந்தின் மற்றப் பெரும்பாலான ஊர்களுக்கு இருக்கும் வெந்நீர் ஊற்றும் நீர்மின்சாரமும் தீவுக்கு எட்டவில்லை.

போய்ப் பார்க்க மட்டும் கட்டாயம் போங்கள். விமானத்தில் போகாதீர்கள், வடகரையில் உள்ள டால்விக்கிலிருந்து மூன்று மணி நேரப் படகில் போங்கள். வயிறு கலங்கும், மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். தீவுக்கு வரும் அரிசி, காய்கறி, சிமெண்ட், நாற்காலி எல்லாம் அதே படகில் உங்களோடு வரும். தீவின் மீன் அதே படகில் திரும்பும். ஒரு நாளில் திரும்பாமல் இரண்டு மூன்று இரவு தங்குங்கள். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ போனால், கயிறு கட்டிப் பாறைச் சுவரில் இறங்கிக் கடற்பறவை முட்டை எடுப்பதையும் பார்க்கலாம். ஒரு முனை கூரான நீலப்பச்சை முட்டை அது. வேகவைத்துக் கொடுத்தார்கள். வெள்ளைக்கரு முழுசாகக் கெட்டிப்படாமல் கண்ணாடி மாதிரி நிற்கும். ருசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மரியாதைக்குச் சாப்பிட்டேன்.

மகனின் துருவக் கரடிக் கேள்விக்கு வருகிறேன். துருவக் கரடி அங்கே வாழ்வதில்லை. கிரீன்லாந்துப் பக்கமிருந்து பனிப்பாளத்தில் மிதந்து எப்போதாவது ஒன்று கரை சேர்வதுண்டு. 1969-ல் கிரீம்சேக்கு அப்படி ஒன்று வந்தது, சுட்டுவிட்டார்கள். பாடம் செய்து ஹூசாவிக் அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். டால்விக்கிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். திங்கள்கிழமையா, ஞாயிறா எப்போது திறந்திருக்கும் என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்.